பணிவை எந்தக் கோலால் அளப்பது?

மனிதன் தன்மீது கொண்டுள்ள மதிப்பை எண்ணால் அளக்க இயலுமா? இயலும் என்றார் அமெரிக்கச் சமூகவியலறிஞர் மோரிஸ் ரோசன்பர்க். நியூயார்க் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, 1965இல் அவர் வெளியிட்ட நூல் வழங்கிய பத்து வாக்கியங்களே இன்று உலகெங்கும் தன்மதிப்பின் அளவுகோலாக விளங்குகின்றன. ஐந்து வாக்கியங்கள் தன்னை உயர்த்துபவை, ஐந்து தாழ்த்துபவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் இட்டால், மொத்தம் 10க்கும் 40க்கும் இடையே அமையும்.

டேவிட் ஷ்மிட், யூரி ஆலிக் ஆகிய இருவரும் 53 நாடுகளில், 28 மொழிகளில், 16,998 பேரிடம் இக்கோல் தந்த முடிவுகளை 2005இல் வெளியிட்டனர். எல்லா நாடுகளின் சராசரியும் நடுப்புள்ளிக்கு மேலேயே இருந்தது. செர்பியா முதலிடத்திலும் ஜப்பான் இறுதியிலும் நின்றன. தாழ்த்தும் வாக்கியங்களை எல்லாப் பண்பாட்டினரும் ஒன்றுபோல் பொருள்கொள்வதில்லை என்பதை ஆய்வாளர்களே நேர்மையுடன் சுட்டினர். எனினும், தரவரிசையைப் படிப்போர் இவ்வெச்சரிக்கையைப் படிப்பதில்லை.

எட்டாம் வாக்கியத்தை நோக்குவோம். தன்மீது தனக்கு இன்னும் கூடுதலான மரியாதை இருக்க வேண்டுமென விரும்புவதை இக்கோல் குறைபாடாகக் கணக்கிடுகிறது. தன்னைத் திருத்திக்கொள்வதைக் கடமையாகக் கருதும் சமூகத்திலோ அவ்விருப்பம் நலத்தின் அடையாளம். விடை ஒன்றே, பொருள் வேறு.

அரபியில் தன்மதிப்பைத் ‘தக்தீருத் தாத்’ என்கின்றனர். ‘தக்தீர்’ என்ற சொல்லுக்கு மதித்தல் என்றும் அளவிடுதல் என்றும் பொருள் உண்டு. சொல் இரண்டையும் இணைக்கலாம்; ஆய்வு அவ்விரண்டையும் குழப்பலாகாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் அகந்தையை ஒரு முனையிலும் இழிவடைதலை மறுமுனையிலும் நிறுத்தி, பணிவை அவற்றின் நடுவே வைக்கிறார். அவர் பார்வையில் பணிவாளரும் இழிவுற்றவரும் வெவ்வேறானவர். ரோசன்பர்க்கின் கோலிலோ தன்னைப் புகழத் தயங்கும் பணிவாளர், தன்னை வெறுப்பவரை நோக்கிக் கீழே தள்ளப்படுகிறார். நம் விமர்சனத்தின் மையம் இதுவே.

இது வெறும் ஊகமன்று. யமாகுச்சியும் அவர்தம் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சொல்லால் வினவாமல் மறைமுகமாகச் சோதித்தபோது, சீன, ஜப்பானிய மாணவர்களிடமும் அமெரிக்க மாணவர்களிடம் போலவே தன்மீதான நல்லெண்ணம் வெளிப்பட்டது. நாவு அடக்கியதை நெஞ்சு இழந்திருக்கவில்லை.

ஆகவே அளவுகோலையே எறிந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பணிவு என்ற பெயரில் உண்மையான தன்வெறுப்பு மறைந்திருக்கவும் கூடும். அதனால் வாடும் இளைஞரைக் கண்டறிய இக்கோல் உதவும். ஆனால் ஒரு பண்பாட்டில் வகுத்த எல்லைக்கோட்டை மற்றொன்றின் மாணவர்மீது வைத்து, அடக்கத்தை நோயெனத் தீர்ப்பது அநீதியாகும். மதிப்பெண்ணைப் பார்க்குமுன், அவ்விடை அம்மாணவரின் வீட்டு மொழியில் என்ன பொருள்படுகிறது என்று கேட்பதே அளப்பவரின் முதற்கடமை என்று கருதுகிறோம்.