சிமென்ட் அறைக்கு ராக்வூல் பலகைகள்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. டைல்ஸ் தரை, பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட். இதற்குள் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரை வைத்தாலும் பாட்டு சுவருக்குச் சுவர் மோதிக் கலங்கித்தான் காதுக்கு வரும். மைக் முன்னால் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலப் பதிவாகும். ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் செலவழிக்கும் முன் அறையைத் திருத்துங்கள் என்பேன். அப்படித் திருத்த, வீட்டிலேயே செய்து மாட்டிய ஆறு ஒலி உறிஞ்சும் பலகைகளின் விமர்சனம் இது.

முதலில் கணக்கு. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியலாளர் வாலஸ் சபைனிடம் வந்தது. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை இரவுகளில் அளந்தார். அங்கே பிறந்த சூத்திரம் இன்றும் நமக்கு உதவுகிறது: அறையின் கன மீட்டரை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால் எதிர்முழக்கம் அடங்கும் நேரம் கிடைக்கும். மேலே சொன்ன அறை பத்தடி உயரமும் இருந்து காலியாகக் கிடந்தால், ஏறக்குறைய 3 வினாடி. ஒரு மீட்டருக்கு 60 செ.மீ. அளவில் ஆறு பலகை மாட்டினால் சுமார் 1 வினாடி. கட்டில், திரைச்சீலை எல்லாம் வந்தபின் இன்னும் குறையும்.

உள்ளே வைப்பது ராக்வூல். எரிமலைப் பாறையை உருக்கி இழையாக்கிய பொருள். கல்நார் அல்ல, எரியாது. ஏசி டக்ட், பாய்லர் வேலைக்கான இன்சுலேஷன் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மி.மீ. தடிமன் என்று சொல்லி வாங்குங்கள். நான்கு அங்குல அகல மரச்சட்டத்தில் இரண்டு ஸ்லாப்களைச் சேர்த்து வைத்தேன். முன்னும் பின்னும் காடா துணி போர்த்தி ஸ்டேப்ளர் அடித்தால் முடிந்தது. துணியில் வாய் வைத்து ஊதும்போது மூச்சு மறுபக்கம் போக வேண்டும். ரெக்சின் போகவிடாது, வேண்டாம். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். இழை தோலில் பட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். ஒரு பலகை ஆயிரம் ரூபாயை ஒட்டி முடிந்தது.

தடிமனில் கஞ்சத்தனம் கூடாது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். ஓர் அங்குல ஃபோம் அதை எப்படிப் பிடிக்கும்? கூர்மையான ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு, கீழ் ஸ்தாயியை அப்படியே விட்டுவிடும். அறை மந்தமாகவும் குமுறலாகவும் மாறும். மரமும் ஜிப்சம் பலகையும் வைத்துக் கட்டும் அமெரிக்க வீடுகளில் சுவரே கொஞ்சம் அதிர்ந்து கீழ் ஸ்தாயியைத் தின்றுவிடுகிறது. நம் செங்கல் சுவர் அசையாது. ஆகவே அந்த ஊர் யோசனைகளை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்குப் பலகையின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, ஆனால் தடிமனாக, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்ட வேண்டும்.

மாட்டும் இடத்துக்கு ஒரு கண்ணாடி போதும். நீங்கள் உட்காரும் இடத்தில் இருந்துகொண்டு, பக்கச் சுவரோரம் ஒருவரைக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் அதில் தெரியும் இடமே பலகையின் இடம். மீதியை உங்கள் முதுகுக்குப் பின்னாலும் மூலைகளில் குறுக்காகவும் வையுங்கள்.

பலன் கைதட்டிய உடனே தெரிந்தது. சுவர்களுக்கிடையே பறந்த அந்தத் ‘ட்ர்ர்’ நின்றுவிட்டது. பாடகரின் மூச்சும் மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்களும் தனித்தனியாகக் கேட்கின்றன. இடந்தலையின் கும்கி இன்னும் சற்று வீங்கித்தான் ஒலிக்கிறது. அகலமும் உயரமும் பத்தடியாக இருப்பதால், 57 ஹெர்ட்ஸில் இரண்டு திசை ஒத்ததிர்வும் ஒன்றுசேர்கிறது. நான்கு அங்குலப் பலகை அதை அடக்காது. ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்திப் பார்ப்பது அதற்குக் கூடுதலாக உதவியது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் இருந்தால் இதையெல்லாம் வரைபடமாகவே பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்தை இந்தப் பலகைகள் தடுக்காது. இவை அறைக்குள் பிறக்கும் ஒலிக்கு மட்டுமே. முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. சாதாரண ஃபோம் ஒட்டுவது ஆபத்து: 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியின் சுவர் ஃபோமில் தீப்பற்றி 100 பேர் இறந்தார்கள்.

வாடகை வீடென்றாலும் தயங்க வேண்டாம். பலகைக்கு இரண்டு கொக்கி போதும், காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். முதலில் நான்கு செய்து மாட்டிக் கேளுங்கள். புது ஸ்பீக்கர் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.