கோதை யாரோடு பேசுகிறாள்?

மார்கழி பிறந்துவிட்டால் ஆண்டாளுக்கு ஓய்வு கிடையாது. இருட்டு விலகுவதற்குள் கோயில் ஒலிபெருக்கி அவளை எழுப்பும். அவள் ஊரை எழுப்புவாள். எம்.எல்.வசந்தகுமாரி குரலில் கேட்டுக் கேட்டு, பள்ளிக்கூடப் போட்டிக்கு ஒப்பித்து ஒப்பித்து, திருப்பாவை முப்பதும் நம்மில் பலருக்குத் தலைகீழ்ப் பாடம். அதுதான் சிக்கலும். வாய் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். மனசு அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போய்விடும். தமிழில் இவ்வளவு பேர் வாயில் நிற்கும் பெண் கவிகள் அபூர்வம். ஆனால் கவி என்று நினைத்து அவளைப் படித்தவர்கள் குறைவு.

கொஞ்சம் நிதானித்துப் படித்தால் அவளை எப்படியெல்லாம் ரசிக்கலாம் என்பதற்குச் சில வழிகள் இங்கே. அவள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கும் பக்கத்து ராஜபாளையத்துக்காரர்களுக்கும் இதில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. பாட்டில் வருகிற பலவற்றை ஊரைத் தாண்டாமலே பார்த்துவிடலாம்.

கதையைச் சற்று ஓரமாக வையுங்கள்

துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை, பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்துக் கொடுத்த பெண், கடைசியில் அரங்கனோடு கலந்தவள். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அழகான கதைதான். ஆனால் பாட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு வழிவிட மறுக்கும்.

அமெரிக்காவின் எமிலி டிக்கின்சனுக்கும் இப்படித்தான் நேர்ந்தது. ஆயிரத்து எண்ணூறு கவிதைகள் அளவுக்கு எழுதியவர். உயிரோடு இருந்தபோது அச்சேறியவை பத்துச் சொச்சம். 1886-இல் இறந்தார், 1890-இல்தான் முதல் தொகுப்பு வந்தது. வெள்ளை உடை, வீட்டை விட்டு வெளியே வராத வாழ்க்கை என்ற கதை கவிதையை விட வேகமாகப் பரவியது. கவிதைக்குள் இருக்கும் குறும்பையும் கூர்மையையும் வாசகர்கள் பிறகுதான் கண்டுகொண்டார்கள்.

ஆண்டாள் தன் பாட்டில் எங்கும் அந்த மாலைக் கதையைச் சொல்லவில்லை. ‘ஆண்டாள்’ என்ற பேரும் அவள் பாட்டில் இல்லை. பதிகத்தின் முடிவில் அவள் கையெழுத்துப் போடுகிற பெயர் கோதை. கூடவே தகப்பனார் பேரும், பெரும்பாலும் ஊர்ப்பேரும் வரும். நமக்குக் கிடைத்திருப்பவை திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாசுரங்கள். காலம் எது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. திருப்பாவையின் 13-ஆம் பாசுரத்தில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்ட மு. இராகவையங்கார் 731-ஆம் ஆண்டைச் சொன்னார். வேறு கணக்குகள் 9-ஆம் நூற்றாண்டில் போய் நிற்கின்றன. எப்படிப் பார்த்தாலும் ஆயிரத்து நூறு வருஷத்துக்குக் குறையாத குரல்.

ஒரே கேள்வி: யாரிடம்?

ஆண்டாளைப் படிக்க ஒரு சாவி போதும். ஒவ்வொரு பாட்டிலும், ‘இவள் இப்போது யாரோடு பேசுகிறாள்?’ என்று கேளுங்கள். தனக்குத் தானே முணுமுணுப்பது அவளிடம் அபூர்வம். எதிரில் எப்போதும் ஓர் ஆள் உண்டு. ஆள் மாறினால் குரலும் மாறும்.

நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்தில் எதிரில் இருப்பவன் மன்மதன். தரையை மெழுகி, கோலமிட்டு, நோன்பு நோற்று அவனைக் கும்பிடுகிறாள். கும்பிட்ட கையோடு மிரட்டலும் வருகிறது: காரியம் ஆகவில்லை என்றால் அழுது அழுது அலைவேன், பழி உன்மேல்தான். உழுகிற மாட்டுக்குத் தீனி போடாமல் நுகத்தடியால் அடித்து விரட்டுவதா என்று அங்கே ஒரு கேள்வியும் வைக்கிறாள். காதல் பாட்டில் பட்டினி மாடு வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

ஐந்தாம் பதிகத்தில் குயில். அதற்கு முதலில் ஆசை காட்டுகிறாள்: அவனை வரும்படி கூவு, பாலூட்டி வளர்த்த என் கிளியை உனக்குச் சிநேகம் பிடித்துவைக்கிறேன். முடிவில் குரல் தடிக்கிறது: கூவவில்லையானால் இந்தத் தோப்பை விட்டே விரட்டிவிடுவேன். ஏழாம் பதிகத்தில் கண்ணன் கைச் சங்கு. அதனிடம் பேசும்போது குரலில் பொறாமை. அவன் வாயின் மணமும் சுவையும் எப்படி இருக்கும் என்று ஆசையாக விசாரிக்கத் தொடங்குகிறவள், பதினாறாயிரம் தேவியர் பார்த்துக்கொண்டிருக்க நீ ஒருத்தனே குடிக்கிறாயே என்று சண்டையில் வந்து நிற்கிறாள்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஆறாம் பதிகம்: வாரணமாயிரம். தோழியிடம் சொல்லும் கல்யாணக் கனவு. வைணவர் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் பாடுகிறார்கள். பந்தலில் கேட்டால் அது மங்களம். முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தால் வேறு. முன்னால் கெஞ்சல், பின்னால் ஏக்கம், நடுவில் ஒரு கனவு. விடிந்ததும் கலைந்த கனவு அது என்பது அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும்.

திருப்பாவையை நாடகமாகக் கேளுங்கள்

திருப்பாவையிலும் அதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். முப்பது பாட்டும் காட்சி காட்சியாகப் பிரியும். முதல் ஐந்தும் நோன்பின் முன்னுரை. 6 முதல் 15 வரை பத்து வீட்டு வாசல், பத்து தூங்குமூஞ்சிகள். 16-இல் வாயில்காப்போன், 17-இல் நந்தகோபன் குடும்பம், 18 முதல் நப்பின்னை. பிறகுதான் கண்ணன்.

வாசல்களில் நிற்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பறவைகள் கூச்சல், கோயில் சங்கு, தயிர் கடையும் மத்து, எருமைகள் பனிப்புல் மேயப் போவது, புழக்கடைக் குளத்தில் ஒரு பூ விரிந்து இன்னொரு பூ கூம்புவது என ஒரு கிராமத்தின் விடியல் அங்கே படிப்படியாக வெளுக்கிறது. நடுநடுவே கேலி. ஒருத்தியின் தாயிடமே ‘உன் மகள் ஊமையா, செவிடா?’ என்கிறார்கள். இன்னொருத்தியிடம், கும்பகர்ணன் தன் தூக்கத்தை உனக்கே கொடுத்துவிட்டுப் போனானா என்கிறார்கள். 15-ஆம் பாசுரத்தில் உள்ளே படுத்திருப்பவள் வாய்க்கு வாய் பதில் கொடுக்கிறாள். அதை வீட்டில் இரண்டு பேர் பிரித்துப் படியுங்கள். பக்திப் பாட்டு ஒரு நொடியில் தெருச் சண்டையாகிச் சிரிப்பு வரும்.

இன்னொரு பயிற்சி: 2, 27, 29 ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவதில் நெய் இல்லை, பால் இல்லை, கண்ணுக்கு மையில்லை, தலைக்குப் பூவில்லை. 27-இல் எல்லாம் திரும்பி வருகிறது: கைவளை முதல் கால் பாடகம் வரை நகை, புதுத்துணி, முழங்கை வழி நெய் ஒழுகும் பால்சோறு. கூடாரவல்லியன்று நாம் அக்காரவடிசில் கிண்டுவது இதற்காகத்தான். விரதம் முடிந்தது, விருந்து வந்தது என்று நாம் எழுந்திருக்கப் பார்க்கும்போது, 29-இல் அவள் கையைப் பிடித்து உட்காரவைக்கிறாள். நாங்கள் கேட்ட பறை பறையே இல்லை, ஏழேழ் பிறவிக்கும் உனக்கே ஆட்படுவதுதான் கேட்டது என்கிறாள். 28 பாட்டு வரை ஒரு கதையை நம்பவைத்துவிட்டு 29-இல் அதைப் புரட்டிப் போடுகிற துணிச்சல் இது.

வாயால் படியுங்கள்

கண்ணால் மட்டும் படித்தால் பாதி போய்விடும். நான்காம் பாசுரத்தை, அந்த மழைப் பாட்டை, உரக்கச் சொல்லிப் பாருங்கள். எட்டு அடியில் ழகரம் பதினொரு முறை வருகிறது. முதல் ஏழு அடிகளிலும் இரண்டாம் எழுத்து ழகரமே. எட்டாவது அடியில்தான் அந்த எதுகை விட்டுப்போகிறது. மேகம் கடலுக்குள் இறங்கி, முகந்து, ஏறி, கறுத்து, மின்னி, இடித்து, அம்பு மாரியாகக் கொட்டும் வரை நாக்கு மடிந்த வாக்கிலேயே இருக்கும். மழை பெய்து முடிந்து பெண்கள் நீராடக் கிளம்பும் அடியில் நாக்கு சற்று விடுபடும். தமிழ்க் காதுக்கு மட்டும் கிடைக்கிற சந்தோஷம் இது.

உவமையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

எட்டாம் பதிகத்தில் மேகத்தைத் தூது விடுகிறாள். அங்கே தன் நிலைமைக்கு இரண்டு பொருளைக் காட்டுகிறாள். ஒன்று, பூச்சி அரித்த விளாம்பழம். ஓடு அப்படியே இருக்கும்; கையில் எடுத்தால் கனமிருக்காது, உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று, மழைக்கால எருக்கின் பழுத்த இலை. கோடை வெயிலுக்கு அசராத செடி எருக்கு. அதன் பழுத்த இலை மழைத்தண்ணீர் பட்டதும் உதிர்ந்துவிடும். உலகமே துளிர்க்கிற பருவத்தில் நான் மட்டும் உதிர்கிறேன் என்பதை, துளிர் என்ற பேச்சே எடுக்காமல் சொல்லிவிடுகிறாள்.

ராஜபாளையம் சாலையோரம் எருக்குக்குப் பஞ்சமில்லை. மேற்கே மலையைப் பாருங்கள்: ஆனி ஆடியில் செண்பகத்தோப்புக்கு மேலே மேகம் குந்திக்கொண்டிருக்கும், காற்றுதான் இறங்கி வரும், மழை மலைக்கு அந்தப் பக்கம். ஊருக்கு மழை ஐப்பசி கார்த்திகையில். மேகத்தைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் பேசுகிற பாட்டை அந்த மலையடியில் நின்று படித்தால் அதன் தவிப்பு தானாக விளங்கும். ஒன்பதாம் பதிகத்தில் திருமாலிருஞ்சோலையில் சிந்தூரப் பொடி தூவினாற்போலப் பரவும் செம்பூச்சிகள் வருகின்றன. மழை விட்ட மறுநாள் செம்மண் காட்டில் ஊர்கிற வெல்வெட் பூச்சியைப் பார்த்தவர்களுக்கு அதற்கு உரை வேண்டாம்.

கோயிலில் என்ன பார்ப்பது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினோரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். வடபத்ரசாயி சன்னதியில் பெருமாளைச் சேவித்துவிட்டு, அங்கிருந்து ஆண்டாள் கோயிலுக்குப் போகிற வழியில் நந்தவனம் இருக்கிறது. அவளைக் கண்டெடுத்த இடமாகச் சொல்வது அதைத்தான். ஆண்டாள் சன்னதியில் இடக்கைக் கிளியைக் கவனியுங்கள். தினமும் புதிதாகச் செய்வது: மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு. பன்னிரண்டாம் பதிகத்திலும் ஒரு கிளி உண்டு. கூண்டில் இருந்து ஓயாமல் கோவிந்தன் பேரைக் கூப்பிடும். கேட்கப் பொறுக்காமல் தீனியை நிறுத்தினால், உலகளந்தவன் பேரை இன்னும் உரக்கக் கத்தும். அந்தக் கிளியைத் தெரிந்துகொண்டு போனால் இந்தக் கிளி வேறு மாதிரித் தெரியும்.

அவள் சூடிய மாலை சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும், புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் போகிறது. மார்கழியில் வாய்த்தால் அரையர் சேவையை விடாதீர்கள். குல்லாயும் தாளமுமாக, பாசுரத்தைப் பாடி அபிநயித்து வியாக்கியானம் சொல்லும் கலை. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஒருசில தலங்களில்தான் நிலைத்திருக்கிறது. பாட்டு என்பது ஒருவர் இன்னொருவரிடம் பேசும் பேச்சு என்பது அங்கே கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

ராஜபாளையத்து வழி

ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்களுக்கு ஆண்டாளிடம் போக இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதா என்ற காவியத்தின் நாயகி இவள்தான். அதில் வில்லிபுத்தூர் வர்ணனையில் ஒரு வேடிக்கை வருகிறது: வாய்க்காலில் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கும் வாத்துகளை, குளித்துப் போன அந்தணர்கள் மறந்துவிட்டுப் போன துணி என்று நினைத்துக் காவல்காரர்கள் எடுக்கப் போகிறார்கள், வாத்துகள் ஓட, வயல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். தமிழில் கோதையையும் தெலுங்கில் ராயரையும் ஒரே வீட்டில் படிக்கக் கூடியவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள். சேர்ந்து ஒரு மாலை உட்கார்ந்தால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் லாபம்.

எங்கே தொடங்குவது?

திருப்பாவை தெரிந்தவர்கள் அதை விட்டுவிட்டு நாச்சியார் திருமொழியின் குயில் பதிகத்தில் தொடங்குங்கள், பிறகு மேகம். ஒரு நாளைக்கு ஒரு பதிகம் போதும். முதல் வாசிப்பில் உரை பார்க்க வேண்டாம். இரண்டாம் முறை பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானத்தைத் தழுவிய எளிய உரை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்; எழுநூறு வருஷத்துக்கு முந்திய ரசிகர் ஒருவர் பக்கத்தில் இருந்து படித்துக் காட்டுவார்.

பதினான்காம் பதிகத்தைக் கடைசிக்கு வையுங்கள். மன்மதன், குயில், சங்கு, மேகம், பூக்கள் என்று அவள் பேசிய யாரும் அதுவரை ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அங்கே மட்டும், அவனைப் பார்த்தீர்களா என்று பாட்டுக்குப் பாட்டு கேள்வி எழ, பிருந்தாவனத்தில் பார்த்தோம் என்று பாட்டுக்குப் பாட்டு பதில் வருகிறது. அந்தப் பதில் எவ்வளவு பெரியது என்பது, முந்தைய பதின்மூன்றையும் படித்துவிட்டு அங்கே வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.