காத்திருப்பைக் கத்தரிக்கலாமா?

என்.எஃப்.எஸ். பகிர்வை இணைத்து வைத்திருக்கும் லினக்ஸ் கணினி, ஷட் டவுன் கொடுத்த பிறகும் அணையாமல் நிற்பது பலருக்கும் பழகிய தொல்லை. திரையில் 90 விநாடிக் கணக்கு ஓடும், சில நேரம் அதையும் தாண்டும். இதற்கு மூன்று வைத்தியங்கள் புழக்கத்தில் உள்ளன: சிஸ்டம்டியின் காத்திருப்பு நேரத்தைக் குறைப்பது, மவுண்ட்டை ‘சாஃப்ட்’ ஆக்குவது, ‘யுமவுண்ட் -எல்’ போட்டுக் கழற்றிவிடுவது. மூன்றிலும் கணினி சீக்கிரம் அணைய வாய்ப்புண்டு. இவற்றை முதல் வைத்தியமாகப் பரிந்துரைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் காத்திருப்புக்குக் காரணம் இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ்., லினக்ஸில் இயல்பாக ‘ஹார்ட்’ முறையில் இணைகிறது. சர்வர் பதில் தராவிட்டால் கோரிக்கையைக் கைவிடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். நினைவகத்தில் தங்கிவிட்ட, இன்னும் சர்வருக்குப் போய்ச் சேராத தரவைக் காப்பது அந்தப் பிடிவாதம்தான். ‘சாஃப்ட்’ முறையில் சில முயற்சிகளுக்குப் பின் பிழை திரும்புகிறது. அதைக் கவனிக்காத நிரல், கோப்பு பத்திரமாகப் பதிவானதாகவே நினைத்துக்கொள்ளும். தரவு சத்தமில்லாமல் சிதையலாம் என்று என்.எஃப்.எஸ். கையேடே எச்சரிக்கிறது. ‘யுமவுண்ட் -எல்’ கோப்பகத்தைக் கண்ணிலிருந்து மறைக்கிறதே தவிர, எழுதப்படாமல் நிலுவையில் உள்ள தரவு கர்னலுக்குள் அப்படியேதான் கிடக்கும்.

கோளாறு பெரும்பாலும் வரிசையில் இருக்கிறது. சிஸ்டம்டி, தொடங்கிய வரிசையைத் தலைகீழாக்கித்தான் நிறுத்தும். என்.எஃப்.எஸ்., சிஃப்ஸ் போன்ற வகைகள் நெட்வொர்க்கை நம்பியவை என்று அதற்குத் தெரியும். எந்த நெட்வொர்க் என்பது தெரியாது. விபிஎன் வழியாக எட்டும் சர்வர் என்றால், விபிஎன் முதலில் விழுந்து மவுண்ட் அந்தரத்தில் நிற்கும். ஒரு பயனருக்கு மட்டும் சேமித்த வைஃபையும் அப்படியே: அவர் வெளியேறியதும் இணைப்பு போய்விடும். வைஃபையை எல்லாப் பயனருக்கும் பொதுவாக்குங்கள். எஃப்எஸ்டேப் வரியில் ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ரிக்வையர்ஸ்’ மூலம் விபிஎன் சேவையைக் குறிப்பிடுங்கள். ஐஸ்கசி வட்டில் ஈஎக்ஸ்டி4 இருந்தால் ‘_நெட்டெவ்’ கட்டாயம். அதன் வகைப் பெயரைப் பார்த்து நெட்வொர்க்கை யாராலும் ஊகிக்க முடியாது.

ஆட்டோமவுண்ட் எனக்குப் பிடித்த வழி. தொடும்போது மட்டும் பகிர்வு இணையும், ‘ஐடில்-டைம்அவுட்’ கொடுத்தால் சும்மா இருக்கும்போது கழன்றுவிடும். அணைக்கும் நேரத்தில் பெரும்பாலும் கழற்ற எதுவும் மிஞ்சாது. ஆனால் அந்தக் கோப்பகத்தில் ஒரு டெர்மினல் திறந்திருந்தாலே போதும், மவுண்ட் கழலாது.

சர்வரே செத்துக் கிடக்கும்போது எந்த வரிசையும் உதவாது. அங்கே ‘யுமவுண்ட் -எஃப்’ போடுவதா, மின்சாரத்தைத் துண்டிப்பதா என்பதை, எழுதப்படாமல் என்ன மிச்சமிருக்கிறது என்று அறிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். படிக்க மட்டும் இணைத்த திரைப்படக் கிடங்குக்கு ‘சாஃப்ட்’ தாராளமாகப் போதும். வீட்டுக் கோப்பகத்துக்கு அதைப் பரிந்துரைக்காதீர்கள்.