‘ஆம்’ என்ற விடையும் ‘இல்லை’ என்ற விடையும்: கனிஷ்ட இடைநிலை வகுப்பில் நாடகம் கற்பித்தலும் பிரெக்ட்டின் இரு பள்ளி நாடகங்களும்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 முதல் 9 வரை அழகியற் பாடங்களுள் ஒன்றாக நாடகம் கற்பிக்கப்படுகின்றது. நாடகம் பற்றிய தகவல்களுக்கும் போட்டி மேடைக்கான ஒத்திகைக்கும் அவ்வகுப்பில் கிடைக்கும் இடம், பாத்திரமாக நின்று தீர்மானம் எடுக்கும் அனுபவத்துக்குக் கிடைப்பதில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. பெர்டோல்ட் பிரெக்ட் 1930இல் எழுதிய பள்ளி நாடகமும், மாணவர் விமர்சனத்தின் பயனாக அவர் எழுதிய மறுநாடகமும் இந்நோக்கில் இங்கு வாசிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கற்றல் நாடகம், பிரெக்ட், கனிஷ்ட இடைநிலை, கூத்து, பாத்திரமேற்றல்

வகுப்பறையின் நிலை

கனிஷ்ட இடைநிலை மாணவர் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்து கற்கவேண்டும் என்பது நம் கலைத்திட்டத்தின் ஏற்பாடு. 2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தேர்ச்சி மையக் கல்வியை வலியுறுத்தியது. மாணவர் தாமே ஈடுபட்டுத் தேடியறிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாடகத்தைப் போல இந்நோக்கத்துக்கு இயல்பாகப் பொருந்தும் பாடம் வேறு இருக்க முடியாது. ஆனால் நான் சென்று பார்த்த வகுப்புகள் பலவற்றில் நடந்தது வேறு. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகள் கரும்பலகையில் இரு நிரல்களாக எழுதப்பட்டன. மாணவர் அவற்றைப் பார்த்து எழுதினர். மத்தளத்தின் ஒலியை ஒரு முறையேனும் கேட்டிராத பிள்ளை அதன் உறுப்புகளின் பெயர்களை ஒப்புவித்தது.

இதன் மறுபுறத்தில் தமிழ்மொழித் தினப் போட்டி நிற்கின்றது. கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாக உயரும் அப்போட்டிக்காகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தெரிவுசெய்யப்பட்டு மாதக்கணக்கிற் பயிற்றப்படுகின்றனர். ஏனையோர் பார்வையாளராகின்றனர். தெரிவுசெய்யப்பட்டவர்களும் ஆசிரியர் நடித்துக் காட்டிய அசைவையும் ஏற்ற இறக்கத்தையும் திரும்பச் செய்கின்றனர். போட்டியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பல கிராமப் பாடசாலைகளில் நாடகம் என்ற ஒன்று உயிரோடிருப்பதற்கு அப்போட்டியே காரணம். எனினும் குறிப்பேட்டிலும் ஒத்திகையிலும் மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஒன்றுதான்: முன்னரே தீர்மானிக்கப்பட்ட விடையைப் பிழையின்றித் தருதல். இந்நிலையை விளங்கிக்கொள்ள, பள்ளிப் பிள்ளைகள் நடிப்பதற்கென்றே எழுதப்பட்ட ஒரு நாடகத்தின் வரலாறு உதவும்.

விடை தெரிந்த கேள்வி

‘ஆமெனச் சொல்பவன்’ (டெர் யாசாகர்) என்ற பள்ளி இசைநாடகம் கூர்ட் வைலின் இசையோடு 1930 யூன் 23 அன்று பேர்லினில் மாணவர்களால் அரங்கேற்றப்பட்டது. அதன் மூலம் ‘தானிகோ’ என்னும் யப்பானிய நோ நாடகம். ஆதர் வேலி 1921இல் வெளியிட்ட ஆங்கில ஆக்கத்திலிருந்து எலிசபெத் ஹவுப்ட்மன் அதனை ஜேர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். மூலத்தில் இறந்த சிறுவன் இறுதியில் உயிர்பெறுகின்றான். வேலி அப்பகுதியை மொழிபெயர்க்காது விட்டார். ஆகவே பிரெக்ட்டின் கைக்கு வந்தது மீட்சியற்ற கதை. அந்த விடுபடுதல் இல்லையேல் இங்கு பேசப்படும் சிக்கலே தோன்றியிராது என்று எண்ணத் தோன்றுகின்றது.

கதை சுருக்கமானது. ஓர் ஆசிரியர் மாணவருடன் மலை கடந்து ஆய்வுப் பயணம் செல்லவிருக்கின்றார். நோயுற்ற தாய்க்கு மருந்து பெறவேண்டி ஒரு சிறுவனும் உடன் செல்கின்றான். வழியில் அவனே நோயுறுகின்றான். பயணத்தில் நோயுற்றவன் பள்ளத்தாக்கில் வீசப்பட வேண்டும் என்பது பழைய வழக்கம். அவனது சம்மதத்தைக் கேட்கவேண்டும் என்பதும் வழக்கம். அவன் சம்மதிக்கவேண்டும் என்பதும் வழக்கமே. ஆசிரியர் கேட்கின்றார். சிறுவன் ஆம் என்கின்றான். வீசப்படுகின்றான்.

இந்நாடகம் தியாகத்தைப் போற்றுகின்றதா, கண்டிக்கின்றதா என்ற விவாதம் நீண்டது. என் கவனம் அதில் இல்லை. கேள்வியைக் கேட்பவர் ஓர் ஆசிரியர் என்பதே நாடகக் கல்விக்கு முக்கியமானது. அவர் கொடியவர் அல்லர். மாணவனின் கருத்தைக் கேட்காமல் எதையும் செய்யாதவர். ஆனால் விடையை அறிந்துகொண்டே கேட்கின்றார். “இக்காட்சியிலிருந்து நீங்கள் என்ன விளங்கிக்கொண்டீர்கள்?” என்று கேட்டுவிட்டு, வழிகாட்டி நூலில் அச்சிட்ட விடை வரும்வரை ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பும் ஆசிரியரை நாம் அறிவோம். நாமும் அவ்வாறு எழுப்பியவர்களே. பங்கேற்பு என்னும் வடிவம் முழுமையாக இருக்கின்றது. பங்கேற்பவருக்குத் தெரிவு மட்டும் இல்லை.

பிரெக்ட் ‘கற்றல் நாடகம்’ என வகுத்த ஆக்கங்களின் நோக்கம் பார்வையாளருக்குப் போதிப்பதன்று. நடிப்பவர் நடிப்பதனூடாகக் கற்பதே அதன் பயன். பார்வையாளர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அக்கொள்கைக்கான சோதனை பேர்லினின் நொய்கோல்ன் பகுதியில் நிகழ்ந்தது. கல்விச் சீர்திருத்தவாதி பிரிட்ஸ் கார்சன் தலைமையேற்றிருந்த கார்ல் மார்க்ஸ் பள்ளியின் மாணவர் இந்நாடகத்தை விவாதித்தனர். சிறுவனின் மரணத்துக்குக் கூறப்பட்ட காரணம் அவர்களுக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

பெரும்பாலான நாடகாசிரியர்கள் இக்கட்டத்தில், மாணவர் நாடகத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று கூறியிருப்பர். பிரெக்ட் பிரதியைத் திருத்தினார். திருத்திய வடிவில் ஊர் முழுவதும் தொற்றுநோயால் வாடுகின்றது. பயணம் மருந்துக்காகச் செல்கின்றது. உடன் செல்வோர் சிறுவனைத் தூக்கிக்கொண்டு ஒடுங்கிய பாதையைக் கடக்க முயன்று தோற்கின்றனர். அதன் பின்னரே கேள்வி கேட்கப்படுகின்றது. அத்துடன் ‘இல்லையெனச் சொல்பவன்’ (டெர் நைன்சாகர்) என்ற இன்னொரு நாடகமும் பிறந்தது. இதில் பயணம் முன்போல ஆய்வுப் பயணமே. சிறுவன் மறுக்கின்றான். முன்னர் ஒப்புக்கொண்டது தவறெனக் கண்டால் அதன் வழியே தொடர்ந்து செல்லக் கடமையில்லை என்று வாதிடுகின்றான். புதிய நிலைமை தோறும் புதிதாகச் சிந்திக்கும் வழக்கமொன்றை ஏற்படுத்தக் கோருகின்றான். குழுவினர் ஏளனத்துக்கு அஞ்சாது அவனுடன் ஊர் திரும்புகின்றனர்.

இவ்விரு நாடகங்களையும் இயன்றவரை ஒன்றின்றி மற்றொன்றை அளிக்கக் கூடாது என்று பிரெக்ட் விரும்பினார். நடைமுறையில் அவ்விருப்பத்துக்கு ஓர் இடையூறு உண்டு. ‘ஆம்’ நாடகத்துக்கு வைலின் இசை உண்டு. ‘இல்லை’ நாடகத்துக்கு அவர் இசையமைக்கவில்லை. எனவே இசைநாடகமாக மேடையேறுவது சம்மதமே. மறுப்பு தாளிற் தங்கிவிடுகின்றது. நம் பாடசாலை மேடைக்கும் இது பொருந்தும். வெளிச்சம், ஒப்பனை, பின்னணி இசை யாவும் விடை முடிவான நாடகத்துக்கே சேர்கின்றன. நொய்கோல்ன் பள்ளியின் பரிசோதனைகளும் நீடிக்கவில்லை. 1933இல் நாட்சிகள் ஆட்சிக்கு வந்ததும் கார்சன் பதவிநீக்கப்பட்டார்.

ஒரு பாடவேளை

இக்கதையைத் தரம் 8 மாணவருக்கு ஒருமுறை நான் கூறினேன். பிரதி கொடுக்கவில்லை. சிறுவனிடம் கேள்வி கேட்கப்படும் இடத்தில் நிறுத்தி, எல்லோரையும் பயணக் குழுவினராக நிற்கச் செய்தேன். நான் ஆசிரியராக நின்றேன். ஆசிரியரே பாத்திரமேற்று வகுப்பை உள்ளிருந்து நகர்த்தும் இம்முறையை இங்கிலாந்தில் டொரதி ஹீத்கோட் விரிவாகக் கையாண்டார். முதற் பத்து நிமிடங்கள் சிரிப்பிற் கழிந்தன. பலர் “வீசுவோம்” என்றனர். வீசுவது நடிப்பதற்குச் சுவையான செயல். பின்னர் ஒரு மாணவி, “அம்மாவுக்கு யார் போய்ச் சொல்றது, சேர்?” என்று கேட்டாள். சிரிப்பு நின்றது. எவரும் அப்பொறுப்பை ஏற்க முன்வரவில்லை. பிரெக்ட்டின் பிரதியில் அத்தாய் பயணத்துக்குப் பின் மீண்டும் தோன்றுவதில்லை. பிரதி விட்ட இடைவெளியை அம்மாணவி எந்த விமர்சன நூலையும் படியாமற் கண்டுபிடித்தாள். நாற்பது நிமிடப் பாடவேளை அத்துடன் முடிந்தது.

பதினொன்று முதல் பதினான்கு வயது வரையான பருவத்தில் இக்கேள்விக்குத் தனிப் பெறுமதி உண்டு. ஆரம்ப வகுப்புக் குழந்தை சிங்கமாக மாறுவதற்குக் காரணம் கேட்பதில்லை. இப்பருவத்தினர் மற்றவர் பார்வைக்குக் கூசுகின்றனர். நடிக்கச் சொன்னால் கேலிக்குள் ஒளிந்துகொள்கின்றனர். உணர்ச்சியை முகத்திற் காட்டுமாறு வற்புறுத்தினால் கூச்சம் மிகுகின்றது. செய்யவேண்டிய தீர்மானம் ஒன்றைக் கையிற் கொடுத்தால் தம்மை மறக்கின்றனர்.

கூத்தினுள் இருக்கும் இடம்

தீர்மானமே நாடகக் கல்வி எனில் கலைவடிவம் எங்கே போகும் என்ற கேள்வி எழும். டேவிட் ஹோன்புரூக் 1989இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலேயப் பள்ளிகளின் நாடகக் கல்வியை நோக்கி ஏறத்தாழ இக்குற்றச்சாட்டையே வைத்தார். அது புறந்தள்ளத்தக்கதன்று. வடிவப் பயிற்சியற்ற வகுப்பில் விவாதம் மட்டுமே எஞ்சும். அதற்கு நாடகபாடம் தேவையில்லை.

இங்கு மட்டக்களப்புக் கூத்து மரபைக் கருதவேண்டும். சட்டங்கொடுத்தல் முதல் அடுக்குப் பார்த்தல் வழியாக அரங்கேற்றம் வரை அண்ணாவியார் நடத்தும் பயிற்சி முற்றிலும் செய்து கற்றலாகும். ஒருவன் பாட மற்றோர் பிற்பாட்டுப் பாடுவதால் தன் பாத்திரத்தை மட்டும் கற்று ஒதுங்கிவிட எவராலும் இயலாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது விடியவிடிய ஆடிய கூத்து நவீன மேடைக்குரிய கால அளவுக்குச் சுருங்கியது. தமிழ்க் கூத்துக்குப் புதிய கணிப்பைப் பெற்றுத்தந்த அப்பணி மகத்தானது. பாடசாலைகள் அதிலிருந்து பெற்றுக்கொண்டது பெரும்பாலும் கால அளவையும் உடையையும்தான். கூடிக் கற்கும் முறை ஊரிலேயே நின்றுவிட்டது.

அண்ணாவியார் கொடுத்த சட்டத்தை மறுக்க முடியாது. ஆகவே கூத்து ‘ஆம்’ என்னும் அரங்கு எனச் சிலர் கூறலாம். ஆடலுக்கும் பாடலுக்கும் அது பொருந்தும். ஆனால் கூத்துப் பிரதிகள் தர்க்கத்தால் நிறைந்தவை. கர்ணன் கதையையே எடுத்துக்கொள்வோம். குந்தி தன்னைத் தாயென வெளிப்படுத்திப் பாண்டவரிடம் வருமாறு அழைக்கின்றாள். கர்ணன் மறுக்கின்றான். நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை ஏவாதிருக்கக் கேட்கின்றாள். இசைகின்றான். ஒரே சந்திப்பில், ஒரே தாய்க்கு, ஒரு மறுப்பும் ஒரு சம்மதமும். இரண்டுக்கும் அவன் உயிரே விலை. பிரெக்ட்டுக்கு இரு நாடகங்கள் தேவைப்பட்ட பொருளை நம் கதை ஒரு காட்சியில் வைத்திருக்கின்றது. நம் வகுப்பிலோ அக்காட்சி ‘கர்ணனின் கொடைச் சிறப்பு’ என்ற குறிப்பாக முடிகின்றது.

ஒரு தருவையும் அதற்குரிய தாளக்கட்டையும் ஆட்டத்தையும் வகுப்பு முழுவதும் பிற்பாட்டோடு பயிலட்டும். அதற்கு மூன்று நான்கு பாடவேளைகள் செல்லும். கால் தாளத்துக்குப் பழகிய பின், குந்தியின் அழைப்பு முடியும் இடத்தில் ஆட்டத்தை நிறுத்தவேண்டும். பிற்பாட்டுக்காரர் அனைவரும் கர்ணனின் மனமாக நின்று அவனுக்குச் சார்பாகவும் எதிராகவும் பேசலாம். மாற்று முடிவுக்கு வருவோர் அதற்கான தருவை அதே மெட்டில் கட்டிப் பாடவேண்டும். இவ்விதியே வடிவத்தையும் சிந்தனையையும் பிணைக்கும். மெட்டுக்குள் அடங்காத நியாயத்தைப் பிள்ளைகள் தாமே மீண்டும் எண்ணிப் பார்ப்பர்.

இதனை நான் ஒருமுறை மட்டுமே முயன்றுள்ளேன். ஆகவே முடிவாக எதுவும் கூறத் துணியேன். கர்ணன் தாயுடன் போகவேண்டும் என்ற தரப்பு அன்று பெரிதாக இருந்தது. அப்போது பின்வரிசையில் நின்ற மாணவன் ஒருவன், அப்படியானால் துரியோதனனிடம் போய்ச் சொல்லக் கர்ணனே வரவேண்டும், ஆள் அனுப்பக்கூடாது என்றான். அடுத்த வாரம் துரியோதனனாக அவனையே நிறுத்தினோம். அவனுக்கு எதிரே கர்ணனாக நிற்க மூவர் முன்வந்தனர்; மூவருள் இருவர் பாதி வழியிற் திரும்பிவிட்டனர்.