மசாலாவைத் தட்டிவிட்டுத் தின்று பாருங்கள்

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி ஊருக்குள் நடந்தால், பெட்டிக்கடை, டீக்கடை, பேக்கரி, மளிகைக்கடை எதுவானாலும் முகப்பில் நொறுக்குத் தீனிப் பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்குகின்றன. சென்னை–அரக்கோணம் தடத்தில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோட்டுக்கும் நடுவே உள்ள ஊர் இது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் கல்லூரி விட்டு வரும் பிள்ளைகளும் மாலைப் பசிக்கு முதலில் கை நீட்டுவது அந்தச் சரத்தை நோக்கித்தான். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கொடுத்தால் சோறு வேகும்வரை வயிற்றைச் சமாதானப்படுத்திவிடலாம்.

அந்தச் சரத்தில் கிடைத்தவற்றையே வாங்கிச் செய்த சுவைப் பரிசோதனை இது. குர்குரே மசாலா மஞ்ச், பிங்கோ மேட் ஆங்கிள்ஸ் அச்சாரி மஸ்தி, குர்குரே பஃப்கார்ன், குக்கரில் பொரிக்கும் ஆக்ட் 2 பாப்கார்ன், மளிகைக்கடையில் எடை போட்டுத் தரும் பாப்கார்ன் சோளம், பெயரே இல்லாத மஞ்சள் குழல், இவற்றோடு ஒரு படி அரிசிப் பொரி. பொரி எதற்கு என்பது பின்னால் வரும்.

பாக்கெட்டின் முகத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மசாலாவின் பெயர். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் பொருட்பட்டியலைப் படித்தால், கார வகைகள் பலவற்றிலும் வெங்காயத் தூள், பூண்டுத் தூள், மிளகாய்த் தூள், உப்பு, சர்க்கரை, புளிப்புக்கு 330 என்று குறிக்கப்படும் சிட்ரிக் அமிலம் என்று ஏறக்குறைய ஒரே கூட்டணி. அதனால் இங்கே சோதனையைத் தலைகீழாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பாக்கெட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, மீதியைச் சல்லடையில் போட்டுத் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, வெறும் பொரிவை மட்டும் வாயில் போடுவது. அடுத்து, சல்லடைக்குக் கீழே விழுந்த தூளை மட்டும் நாக்கில் வைத்துப் பார்ப்பது. கடைசியாக, ஒரு கைப்பிடியைத் தட்டில் திறந்துவைத்து, அது நமுத்துப்போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனிப்பது. கடலிலிருந்து வெகுதூரம் இல்லாத இந்த ஊரின் ஈரக்காற்றில் மூன்றாவது சோதனை ஈவிரக்கம் பார்க்காது.

முதலில் குர்குரே. 1999-ல் பெப்சிகோ நிறுவனம் இந்தியாவுக்கென்றே உருவாக்கி இறக்கிய பண்டம். அரிசி மாவு, சோள மாவு, கொஞ்சம் கடலை மாவு; பாம் எண்ணெயில் பொரிப்பு. மசாலாவைத் துடைத்துவிட்டுக் கடித்தால் கடலைமாவின் வாசனை லேசாகத் தெரிகிறது. ஓமப்பொடி தின்று வளர்ந்த நாக்குக்கு இது பழக்கமான இடம். மேற்பரப்பு முழுக்க முண்டும் முடிச்சும் குழியும். துடைத்தாலும் குழிகளுக்குள் தூள் விடாப்பிடியாக ஒட்டியிருக்கிறது. வடிவத்தின் பலன் இதுதான்: கடைசித் துண்டுவரை காரமும் மாங்காய்த் தூளின் புளிப்பும் ஒரே அளவில் வருகின்றன. தூளை மட்டும் சுவைத்தால் உப்பு முந்துகிறது, பிறகு புளிப்பு, காரம் கடைசியில்தான். தட்டில் வைத்தது கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது, எண்ணெயில் பொரித்த பண்டம் என்பதால்.

குர்குரேயைக் கொளுத்தினால் எரிகிறது, ஆகவே அதில் பிளாஸ்டிக் இருக்கிறது என்ற வதந்தி இன்னும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மாவுச்சத்தும் எண்ணெயும் சேர்ந்த எந்த உலர்ந்த பண்டமும் எரியும். அப்பளத்தைக் கொளுத்தினாலும் எரியும். இந்த வதந்திக்கு எதிராக 2018-ல் அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போனது. குர்குரேயில் கவலைப்பட வேண்டியது உப்பும் எண்ணெயும். அவை பாக்கெட்டின் பின்புறம் எண்ணாகவே அச்சிடப்பட்டிருக்கின்றன.

ஐ.டி.சி. 2007-ல் தொடங்கிய பிங்கோவின் மேட் ஆங்கிள்ஸ் வேறு மாதிரி. தட்டையான முக்கோணம், கடிக்கும்போது ஓர் உறுதி இருக்கிறது, பல்லுக்கு வேலை கிடைக்கிறது. அச்சாரி மஸ்தி வகையின் தூள் வட இந்திய மாங்காய் ஊறுகாயை நினைவூட்டுகிறது. நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணக்கும் நம் ஆவக்காயை எதிர்பார்க்க வேண்டாம். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் தட்டையான பரப்பு என்பதால் தூள் உதிர்ந்து பாக்கெட்டின் அடியில் தங்கிவிடுகிறது. கடைசி நாலு முக்கோணம் உப்புக் கரிக்கும். வாங்கியதும் ஒருமுறை தலைகீழாகக் குலுக்கிப் பிரிப்பது நல்லது.

பஃப்கார்னைப் புரிந்துகொள்ள அது பிறக்கும் இயந்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்ட்ரூடர் என்பது, நம் வீட்டு முறுக்குப் பிழியும் நாழியைப் பெரிதாக்கி, கைக்குப் பதில் சுழலும் திருகை வைத்தது போன்ற கருவி. லேசாக ஈரப்படுத்திய சோளக் குருணையைத் திருகு அழுத்தித் தள்ளுகிறது. உராய்விலேயே சூடு நூறு டிகிரியைத் தாண்டுகிறது. உள்ளே இருக்கும் அழுத்தத்தால் தண்ணீர் ஆவியாக முடியாமல் தவிக்கிறது. அச்சின் துளை வழியாக வெளியே வந்த நொடியில் அழுத்தம் விலக, அந்தத் தண்ணீர் சட்டென்று ஆவியாகி மாவை ஊதிவிடுகிறது. கத்தி வெட்டுகிறது, பிறகு உலர்த்தி, எண்ணெய் தெளித்து, உருளும் டிரம்மில் மசாலா தூவுகிறார்கள். இது தற்செயலாகக் கிடைத்த நுட்பம். 1930-களில் அமெரிக்காவின் பெலாய்ட் நகரில் ஃபிளேகால் என்ற கால்நடைத் தீவன ஆலையில், இயந்திரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் போட்ட ஈரச்சோளம் ஊதிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்த தொழிலாளி ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் உப்புப் போட்டுத் தின்றதில் தொடங்கிய கதை.

பஃப்கார்ன் அப்படி ஊதப்பட்டதன் உச்சம். வாயில் வைத்ததும் கரைகிறது. சீஸ் தூளைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது இனிப்பு கலந்த சோள வாசனை மட்டும். மெல்ல எதுவும் இல்லை. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இப்படிக் கரையும் தின்பண்டங்களில் கலோரி காணாமல் போய்விட்டதாக மூளை நினைத்துக்கொள்கிறது என்று உணவு விஞ்ஞானி ஸ்டீவன் விதர்லி சொல்லியிருக்கிறார். வேப்பம்பட்டுத் தட்டிலும் அதுதான் நடந்தது: மற்ற பாக்கெட்டுகள் பாதியில் நின்றன, இது மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போதே தீர்ந்தது. திறந்துவைத்த பங்கு எல்லாவற்றுக்கும் முன்பே நமுத்துப்போய்ப் பல்லில் ஒட்டியது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாக்கெட்டோடு கையில் கொடுக்காமல் கிண்ணத்தில் அளந்து கொடுக்க வேண்டிய பண்டம்.

நமுத்துப்போனது ஏன் ருசிக்கவில்லை? மசாலா அப்படியேதானே இருக்கிறது? பாதி ருசி காதில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், உருளைச் சிப்ஸைக் கடிக்கும் சத்தத்தை ஹெட்ஃபோன் வழியே கூட்டிக் கேட்கவைத்தபோது, அதே சிப்ஸைத் தின்றவர்கள் அது இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். 2008-ல் அதற்கு இக்நோபல் பரிசும் கிடைத்தது. பாக்கெட்டுக்குள் நைட்ரஜன் நிரப்புவது துண்டுகள் நொறுங்காமல் இருக்கவும் எண்ணெய் கெடாமல் இருக்கவும். உட்புறம் வெள்ளிபோல் மின்னும் உறை ஈரத்தையும் வெளிச்சத்தையும் தடுக்கிறது. ஆனால் அந்த உறையால் வெயிலின் சூட்டைத் தடுக்க முடியாது. நாள் முழுக்க மேற்கு வெயிலில் தொங்கிய ஒரு பாக்கெட்டைப் பிரித்தபோது சிக்கு வாடை முகத்தில் அடித்தது. தேதி தாண்டவில்லை, மொறுமொறுப்பும் போகவில்லை, எண்ணெய் மட்டும் கெட்டிருந்தது.

இனி பாப்கார்ன். எக்ஸ்ட்ரூடர் செய்யும் வேலையை இந்தச் சோள மணி தன் தோலுக்குள்ளேயே செய்துகொள்கிறது. மணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம். சூடு 180 டிகிரியை நெருங்கும்போது தோல் வெடித்து மாவுச்சத்து பூவாக விரிகிறது. 2015-ல் இமானுவேல் விரோ, அலெக்சாண்டர் பொனோமரென்கோ என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவும் மைக்கும் வைத்துப் பார்த்து, ‘டப்’ என்ற சத்தம் நீராவி வெளியேறுவதால் வருகிறது என்று காட்டினார்கள். பெரு நாட்டில் கிடைத்த பழைய சோளக் கதிர்கள் மனிதன் சுமார் 6,700 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பொரித்துத் தின்றதைச் சொல்கின்றன. கோழித் தீவனத்துக்கு விளைவிக்கும் சாதாரண மக்காச்சோளம் இப்படிப் பொரியாது. இது கெட்டித் தோல் கொண்ட தனி ரகம்.

ஆக்ட் 2 கோல்டன் சிசில் பாக்கெட்டைக் குக்கரில் கொட்டி, விசிலையும் கேஸ்கட்டையும் எடுத்துவிட்டு மூடியைச் சும்மா மேலே வைத்தால் சில நிமிடத்தில் வீடே மணக்கிறது. எண்ணெயும் உப்பும் மஞ்சளும் ஏற்கெனவே கலந்திருப்பதால் யாருக்கும் தவறாது. வெடிக்கும் சத்தங்களுக்கு நடுவே இரண்டு நொடி இடைவெளி விழுந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும்; ஆசைப்பட்டு இன்னும் விட்டால் அடியில் தீய்ந்துபோகும்.

மளிகைக்கடைச் சோளத்தில் கொஞ்சம் கைவேலை இருக்கிறது. பலனும் அதற்கேற்ப இருக்கிறது. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் பொரித்து இட்லிப் பொடி தூவியபோது முதலில் பொடி ஒட்டவே இல்லை. கொரகொரப்பான பருப்பெல்லாம் பாத்திரத்தின் அடியில் கிடந்தது. அதே பொடியை உப்போடு மிக்ஸியில் இன்னொரு சுற்று நைசாக அரைத்து, சூடாக இருக்கும்போதே தூவிக் குலுக்கியதும் ஒவ்வொரு பூவிலும் பொடி பிடித்துக்கொண்டது. காய்ந்த மிளகாயும் உளுந்தும் எள்ளும் பெருங்காயமும் சோளத்தோடு சேரும் அந்த வாசனை, மேலே சொன்ன எந்தப் பாக்கெட்டிலும் கிடைக்காதது. நெய்யும் மிளகும் இரண்டாவது இடம். வெறும் பொரிவைச் சுவைக்கும் சோதனையிலும் இந்தச் சோளமே முதலிடம்: மசாலா இல்லாமலும் தின்னலாம்.

அரிசிப் பொரிக்கு வருவோம். ஆயுத பூஜைக்கும் கார்த்திகை தீபத்துக்கும் நாம் வாங்கும் பொரியும் இதே குடும்பம்தான். கொதிக்கும் மணலில் விழுந்த அரிசிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி அதை ஊதிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன், மிளகாய்த் தூள், உப்பு, பொட்டுக்கடலை போட்டு வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டினால், பத்து ரூபாய்ப் பொரியில் வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் வரும். பாக்கெட்டுகளின் விலையைப் பார்த்தால், எக்ஸ்ட்ரூடர் பண்டங்களுக்கு 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2024-ல் 12 ஆகி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகியிருக்கிறது. அந்தச் சலுகை கையில் எவ்வளவு சேர்கிறது என்பதைப் பாக்கெட்டின் எடையைப் பார்த்தால்தான் தெரியும். பத்து ரூபாய் என்ற விலை அப்படியே நிற்க, உள்ளே இருக்கும் கிராம்தான் ஏறி இறங்குகிறது.

பெயரில்லாத மஞ்சள் குழலைப் பிள்ளைகள் விரலில் மாட்டிக்கொண்டு தின்பதைப் பார்க்க அழகுதான். ஆனால் சுவைப் பரிசோதனை அதோடு நின்றுவிட்டது. உறையில் தயாரித்த தேதி இல்லை, பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை, நிறம் விரலில் ஒட்டியது. ரோடமின்-பி சாயம் கலந்ததற்காகப் பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்ததைப் பார்த்த ஊர் இது. எந்தச் சாயம் என்று எழுதாத பண்டத்துக்கு மதிப்பெண் போட முடியாது.

பாக்கெட்டுகளில் குர்குரே மசாலா மஞ்ச் முதலிடம், பொரிவும் தூளும் ஒன்றோடொன்று பொருந்துவதால். தயிர்சாதத்துக்கு மேட் ஆங்கிள்ஸ். பஃப்கார்ன் எப்போதாவது, அளவாக. எல்லாவற்றுக்கும் மேலே இட்லிப் பொடி பாப்கார்ன். பாக்கெட்தான் வேண்டுமென்றால் வெயிலில் தொங்கும் சரத்தை விட்டுவிட்டு, உள்ளே அலமாரியில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். தேதியோடு எடையையும் பாருங்கள்.