காளானைக் காக்க மனிதரை வெளியேற்ற வேண்டுமா?

அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர் எதுவானாலும், அதைக் காக்க அரசுகள் முதலில் நாடுவது வேலியைத்தான். ஆள் நுழையக் கூடாது, சுள்ளி பொறுக்கக் கூடாது, ஆடு மேய்க்கக் கூடாது. பெரிய விலங்குகளைப் பொறுத்தவரை இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஊசியிலை மரங்களை அண்டி வாழும் அரிய காளான்களுக்கும் இது பொருந்துமா? கிடைத்திருக்கும் சான்றுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. 2020 ஜூலையில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மட்சுடாகே என்னும் பைன் காளானைத் தன் சிவப்புப் பட்டியலில் ஏற்றியபோது இந்த முரண்பாடு நன்றாகவே வெளியே தெரிந்தது.

இங்கே சேலம் சமவெளியில், எடப்பாடிச் சுற்றுவட்டாரத்தில் ஊசியிலைக் காடு கிடையாது. தோப்பிலும் வரப்பிலும் நிற்கும் சவுக்கை அந்த இனம் என்று எண்ணுபவர்கள் உண்டு. ஊசிபோலத் தெரிவது சவுக்கின் பச்சைக் குச்சிதான். அது பூத்துக் காய்க்கும் மரம், பைனுக்கு உறவில்லை. ஆனால் தைப்பூசத்தையொட்டி இந்த ஊரிலிருந்து காவடியோடு பழனிக்கு நடப்பவர்கள் அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிற மலைத்தொடரின் மேலே, கொடைக்கானலில், பைன் காடு இருக்கிறது. அதை வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்பது தமிழ்நாடு முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஆகவே இந்த வழக்கில் நமக்கும் பங்கு உண்டு.

பைன் தோப்பின் தரையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் விஷயம் புரியும். மேலே காய்ந்த பழுப்பு ஊசிகள். அடுத்து பாதி மக்கிய ஈரப் படுகை. அதற்கும் கீழே வெள்ளை இழைகள். மயிரளவு வேர் ஒன்றை எடுத்துக் கைலென்ஸில் பார்த்தால், அதன் நுனி கவையாக இரண்டாகப் பிரிந்து, குட்டையாகத் தடித்து, பூஞ்சை உறை போர்த்தியிருக்கும். நாற்றங்காலில் நாம் இடுகிற வேர் உட்பூசணம் வேருக்குள் நுழைந்து வாழும் வகை. இது வேரை வெளியிலிருந்து மூடும் வகை. மண்ணிலிருந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பூஞ்சை உறிஞ்சித் தர, இலை சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை மரம் கொடுக்கிறது. நாம் பறிக்கும் குடை இந்தப் பூஞ்சையின் கனி மட்டுமே. உடல் மண்ணுக்குள் இருக்கிறது. குடைகளை எண்ணி மட்டும் பூஞ்சையின் நலத்தைச் சொல்லிவிட முடியாது என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

மட்சுடாகே ஜப்பானில் செம்பைனின் வேரை நம்பி வாழ்கிறது. 1941இல் அங்கே சுமார் 12,000 டன் கிடைத்தது. அண்மை ஆண்டுகளில் நூறு டன் தேறுவதே அரிது. வீழ்ச்சிக்குக் காரணம் இரண்டு. முதலாவது பைன் வாடல் நோய். வட அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு நூற்புழுவை நீள்கொம்பு வண்டு மரத்துக்கு மரம் சுமந்து பரப்புகிறது. நாகசாகியில் மரங்கள் இப்படிச் சாவது 1905இலேயே கவனிக்கப்பட்டது. புழுதான் காரணம் என்று நிறுவ 1971 வரை ஆயிற்று.

இரண்டாவது காரணம் சமையலறையில் தொடங்கியது. 1950களுக்குப் பின் எரிவாயுவும் ரசாயன உரமும் ஜப்பானியக் கிராமங்களுக்குள் நுழைந்தன. அதுவரை விறகுக்குச் சுள்ளியும் எருவுக்குச் சருகும் அள்ள மலையேறிய மக்கள், போவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் அள்ளிக்கொண்டே இருந்ததால்தான் தரை மெலிந்து, வெயில் விழுந்து, செம்பைன் செழித்தது. சத்தற்ற மண்ணில்தான் அது பிற மரங்களை வெல்லும். அள்ளுவது நின்றதும் மக்கு ஏறியது. அகன்ற இலை மரங்கள் எழுந்து பைனை நிழலில் தள்ளின. மட்சுடாகே இடமிழந்தது. அதாவது, மனிதர் வெளியேறியதே இந்தக் காளானின் சரிவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று. கியோட்டோப் பகுதியில் தன்னார்வலர்கள் புதர் வெட்டி, சருகு வாரி, பழைய காட்டை மீட்க முயல்வது இதனால்தான்.

ஐரோப்பாவும் இதற்கு ஆதரவாகவே சாட்சி சொல்கிறது. நெதர்லாந்தில் பண்ணைகளிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் காற்றில் கலக்கும் தழைச்சத்து மழையோடு இறங்கிக் காட்டு மண்ணைக் கொழுக்க வைத்தது. மரத்துக்குத் தீனி தாராளமாகக் கிடைத்தபின் வேர்ப்பூஞ்சையின் தயவு அதற்கு எதற்கு? பைன் காளான்கள் சுருங்கின. சில தோப்புகளில் சருகையும் மக்கையும் அகற்றிப் பார்த்தபோது வேர்ப்பூஞ்சைகள் மீண்டும் பெருகின.

இதோடு தீர்ப்பை எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதக் கூடாது. அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மலைகளில் பிரிட்ஜியோபோரஸ் நோபிலிசிமஸ் என்னும் மாபெரும் மரக்காளான் இருக்கிறது. 130 கிலோ எடை வரை கண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நோபிள் ஃபர் போன்ற பருத்த, முதிர்ந்த ஃபர் மரங்களின் அடியில்தான் அது வளரும். அப்படிப்பட்ட மரம் உருவாகத் தலைமுறைகள் வேண்டும். 1994இல் வந்த வடமேற்கு வனத் திட்டம், இந்தக் காளான் இருக்கும் ஒவ்வோர் இடத்தைச் சுற்றியும் 600 ஏக்கர் வரை ஒதுக்கச் சொன்னது. ஒரு காளானுக்காக மரவெட்டு நிறுத்தப்படுவது அங்கே பலருக்குக் கசந்தது. ஆனாலும் அது சரியான முடிவு. இந்தக் காளானுக்கு மனிதர் செய்யக்கூடிய உதவி, மரத்தைத் தொடாமல் இருப்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. இங்கே வேலி தன் வேலையைச் செய்கிறது.

வேலி, உழைப்பு இரண்டுக்கும் அடுத்து, அரசுகளுக்குப் பிடித்த மூன்றாவது வழி, பறிப்பதைத் தடுப்பது. சீனா 1999இல் மட்சுடாகேயைப் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவித்தது. பறிப்பவரே குற்றவாளி என்ற எண்ணம் இதற்கு அடிப்படை. இந்த எண்ணத்தைச் சோதித்தவர்கள் சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர்கள். 1975இல் தொடங்கி 29 ஆண்டுகள், சில துண்டு நிலங்களில் காளானைப் பறித்தும் சிலவற்றில் தொடாமலும் பார்த்தார்கள். பறித்ததால் விளைச்சலும் குறையவில்லை, இனங்களும் குறையவில்லை. ஆட்கள் மிதித்த இடத்தில் குடைகள் குறைந்தன. மண்ணுக்குள் இருந்த பூஞ்சைக்குக் கேடு வரவில்லை. ஓரிகனில் அமெரிக்க மட்சுடாகேயை வைத்து நடந்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. பதமாகப் பறித்த இடத்தில் பாதிப்பு இல்லை. மொட்டைத் தேடி வாருகோலால் மண் தெரியும் வரை கிளறி, மூடாமல் போன இடத்தில் விளைச்சல் பல ஆண்டுகளுக்கு விழுந்துவிட்டது.

ஜப்பானில் சருகு வாருவது மருந்து, ஓரிகனில் வாருவது நஞ்சு என்றால் எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம். ஜப்பானில் நடப்பது பல ஆண்டுகளாக மேற்சருகை அள்ளி, மண்ணை மெல்ல மெலிய வைப்பது. ஓரிகனில் நடந்தது இழைப் படுகையையே ஒரே நாளில் பெயர்த்துப் போடுவது. சட்டப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். அந்த மலையில் வேலை செய்கிறவருக்கு வேறுபாடு தெரியும். எனவே என் முடிவு இது: பறிப்பைத் தடுப்பது மூன்றிலும் மிகப் பலவீனமான வழி, அதற்கு ஆகும் காவலும் வழக்கும் வீண். வேலியா உழைப்பா என்பதை, அந்தக் காளானின் மரம் எந்த நிலையில் செழித்தது என்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். முதிர்ந்த காட்டின் காளானுக்கு வேலி. மனிதர் புழங்கிய காட்டின் காளானுக்கு அந்தப் புழக்கம். எல்லாக் காட்டுக்கும் ஒரே உத்தரவு போடுவது பாதுகாப்பு ஆகாது.

வளர்த்து எடுத்துவிடலாமே என்பார்கள். இமயத்து ஊசியிலைக் காடுகளில் கிடைக்கும் குச்சிக் காளானை வளர்த்துக் காட்டியதாக சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்ககம் 2021இல் அறிவித்தது. ஆனால் உயிருள்ள மர வேர் இல்லாமல் மட்சுடாகே பண்ணையில் குடை விரிப்பதில்லை. வளர்ப்பு வருமானம் தரும், காட்டின் மீதுள்ள நெருக்கடியைத் தணிக்கும். காட்டைக் காப்பது வேறு வேலை.

இனி நம் பைன் காடு. நீலகிரியிலும் பழனி மலையிலும் நிற்பது பெரும்பாலும் பாட்டுலா பைன், மெக்சிகோவைச் சேர்ந்தது. வனத்துறை அதைத் தோட்டமாக நட்டது, பல இடங்களில் மலைப் புல்வெளியின் மேலேயே. நீலகிரிப் பைன் வேர்களில் வாழும் பூஞ்சைகளை வி. மோகன், கே. நடராஜன், கே. இங்கிள்பி மூவரும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். வெண்புள்ளி தெறித்த செங்குடையோடு பார்க்க அழகாக இருக்கும் அமானிடா மஸ்காரியா என்னும் நச்சுக்காளானும் அவற்றில் ஒன்று. அந்தக் குடை பைனோடு வந்து குடியேறியது. அதன் தாயகங்களில் பரவலாகக் கிடைப்பது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் நாகெயா வாலிச்சியானா ஒன்றுதான். அதன் வேரில் இருப்பதோ உட்பூசண வகை; குடை விரிக்காது. ஆக, ஊசியிலையை நம்பி வாழும் அரிய உள்ளூர்க் காளான் என்று சொல்லித் தமிழ்நாட்டுப் பைன் தோட்டங்களைக் காக்க வழியில்லை. புல்வெளி திரும்ப வேண்டும் என்பதே வலுவான வாதம். 2022இல் அயல் தாவரங்கள் குறித்து அரசு வெளியிட்ட கொள்கை இந்தத் திசையில்தான் போகிறது.

ஆனால் ஒரே வீச்சில் வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன். வெட்டவெளியானதும் மண்ணில் காத்திருக்கும், இன்னோர் அயல் மரமான சீகையின் விதைகள் கும்பலாக முளைத்துவிடும். சோலை மரக் கன்றுகள் அயல் மர நிழலில் எழுந்து வருவதைக் கொடைக்கானலில் பார்த்திருக்கிறார்கள். படிப்படியாகச் செய்வதே சரி. உண்மையில் நாம் கவலைப்பட வேண்டிய வேர்ப்பூஞ்சைகள் வேறு மரங்களில் இருக்கின்றன. குடகின் உப்பங்கலா காட்டில் வாட்டேரியா, டிப்டெரோகார்பஸ் மரங்களை அண்டிய காளான்களைப் பற்றி நடராஜன் குழுவினர் 2005இல் எழுதினார்கள். அந்த மரங்கள் போனால் அவற்றுக்கு மாற்று இல்லை.

சேலம் சமவெளியில் இதே கணக்கு புற்றுக்காளானுக்குப் பொருந்தும். இடியோடு கோடை மழை பெய்த மறுநாட்களில், புற்று இருக்கும் புறம்போக்கில் கூரிய நெற்றியோடு அது தலைகாட்டும். காம்பைத் தோண்டிக்கொண்டே போனால் முழம் ஆழத்தில் கறையான் கட்டிய பூஞ்சைக் கூட்டில் போய் முடியும். கறையான் இல்லாமல் இந்தக் காளான் இல்லை. காளான் கூடத்தில் சிப்பிக்காளானைப் போல இதை விளைவிக்க வழியும் இல்லை. இதைப் பறித்துத் தின்பவரால் இதற்கு ஆபத்து இல்லை. புற்றை ஜேசிபியால் நிரவுவதும், கறையானுக்கென்று மருந்து ஊற்றுவதும்தான் ஆபத்து. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் காளானுக்கு இடமில்லை. ஆனால் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்க வேண்டும். எந்தப் புற்றில் எந்த மாதம் காளான் வரும் என்பதை ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டு அதில் எழுதலாம். அந்தப் புறம்போக்கை மனையாக்கும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.