நான்கு தேர்வுகள், ஒரு கோப்பு

கல்லூரி ஆய்வகங்களில் சி மொழி படிப்பவர்கள் ஆண்டாண்டாக எழுதிவரும் பயிற்சி ஒன்று உண்டு. திரையில் ஒரு மெனு: 1 கொடுத்தால் உரைக்கோப்பு திறக்கும், 2 அதைக் காட்டும், 3 எழுத்துகளை எண்ணும், 4 வெளியேறும். வைல், ஸ்விட்ச், எஃப்ஓப்பன், எஃப்குளோஸ் எல்லாம் நூறு வரிக்குள் அடங்கிவிடுகின்றன என்பதைத்தான் பலரும் இதன் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

இதன் உண்மையான பலம் வேறு. மற்ற தொடக்கப் பயிற்சிகளில் நிரல் மேலிருந்து கீழே ஓடி முடிந்துவிடும். எது முதலில், எது பிறகு என்பது எழுதியவர் கையில். மெனு வந்ததும் அந்த உரிமை பயனருக்குப் போய்விடுகிறது. கோப்பைத் திறக்காமலே அவர் 2 கொடுப்பார், நிரல் நொறுங்கும். இருமுறை 1 கொடுப்பார். முதல் கோப்பு மூடப்படாமலே கிடக்கும். ஒருமுறை காட்டிய கோப்பை மறுபடி கேட்பார். திரையில் ஒன்றும் வராது, ஏனென்றால் படிக்கும் இடம் கோப்பின் கடைசியிலேயே நிற்கிறது, யாரும் ரீவைண்ட் செய்யவில்லை. நிரலுக்கு முந்தைய செயல்களின் நினைவு உண்டு, அதைப் பேணுவது எழுதுபவர் பொறுப்பு என்பதை இவ்வளவு சிறிய இடத்தில் உணர்த்தும் வேறு பயிற்சியை நான் அறியேன்.

ஆனால் எளிது என்று கடந்துபோகும் மெனுதான் இதில் கடினமான பகுதி. ஸ்கேன்எஃப் எண்ணுக்குக் காத்திருக்கையில் யாராவது ஓர் எழுத்தைத் தட்டினால், அது பஃபரிலேயே தங்கிவிடும். மெனு நிற்காமல் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். சரியான எண்ணே கொடுத்தாலும் அதன் பின்வந்த என்டர் மிச்சமிருக்கும். அடுத்து கோப்பின் பெயரை வாங்க வரும் எஃப்கெட்ஸ் அந்த வெற்று வரியோடு திரும்பிவிடும். இதற்கு மருந்தென்று எஸ்டிடிஇன்மீது எஃப்ஃப்ளஷ் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்பதை சி தரம் வரையறுக்கவே இல்லை. கெட்ஸ் இன்னும் ஆபத்து. 1988-இல் மோரிஸ் வார்ம் என்ற கணினிப் புழு பரவிய வழிகளில் ஒன்று அதுதான். 2011-ஆம் ஆண்டுத் தரம் அதை நீக்கியேவிட்டது. பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் வழக்கத்தில் அது இன்னும் உயிரோடிருப்பது வருத்தம் தருகிறது. முழு வரியையும் எஃப்கெட்ஸால் வாங்கி, பிறகு எண்ணாக மாற்றுவதே சரியான வழி.

எஃப்இஓஎஃப்பைக் கேட்டுக்கொண்டே சுற்றும் வளையமும் இப்படித்தான். படிக்க முயன்று தோற்ற பிறகே அது கோப்பு முடிந்தது என்று சொல்லும். அதற்குள் கடைசி வரி இருமுறை அச்சாகியிருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது மூன்றாம் தேர்வு. யுடிஎஃப்-8 கோப்பில் ‘அம்மா’ என்று மட்டும் எழுதி எண்ணச் சொன்னால் விடை 15. கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என 5 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட். நிரல் எண்ணியது பைட்டுகளை. வாசிப்பிலும் இதே சிக்கல் உண்டு: 80 பைட் பஃபரில் எஃப்கெட்ஸ் ஒரு நடைக்கு 79 பைட்தான் எடுக்கும். இடைவெளியற்ற நீண்ட தமிழ் வரியானால் 26 குறியீடுகள் முடிந்து, 27-ஆவது அதன் முதல் பைட்டோடு அறுந்துபோகும். ஒவ்வொரு நடைக்கும் வரியெண் போடும் நிரலில் அங்கே குப்பை தெரியும். இதை சி மொழிக்கு அந்நியமான சிக்கலென்று ஒதுக்க முடியாது. சி மொழியைத் தந்த டென்னிஸ் ரிச்சியோடு யுனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனே, 1992-இல் ராப் பைக்கோடு சேர்ந்து யுடிஎஃப்-8ஐயும் வடிவமைத்தார்.

பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. மதிப்பிடும் முறைதான் மாற வேண்டும். சொன்னபடி கேட்கும் இரண்டு வரி ஆங்கிலக் கோப்பும் சரியான எண்ணும் கொடுத்து, அவுட்புட் வந்ததும் மதிப்பெண் போடுவதால்தான் இத்தனை பிழைகளும் கண்ணில் படாமல் தப்புகின்றன. தேர்வு மேசையில் ஒரு காலிக் கோப்பு, கடைசியில் என்டர் இல்லாத ஒரு கோப்பு, பஃபரைவிட நீண்ட ஒரு தமிழ் வரி, இல்லாத கோப்பின் பெயர் ஒன்று ஆகியவற்றை வைக்கலாம். தேர்வாளரே மெனுவில் ஓர் எழுத்தைத் தட்டிப் பார்க்கலாம். மூன்றாம் தேர்வு ஏன் 15 என்றது என்பதை மாணவர் வைவாவில் விளக்கிவிட்டால், அந்த நிரலுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.